கிணற்றடியில் தொடங்கும் ஆராய்ச்சி

(காந்திகிராமத்தில் மாணாக்கரும் தமிழன்பரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரை)



திண்டுக்கல்லினின்று மதுரைக்குச் செல்லும் சாலையில், ஒருபால் சிறுமலையும் மறுபால் கோடைமலைத் தொடரும் நிற்க, நடுவே பரந்து கிடக்கும் செம்மண் நிலத்தில் அமைந்தது இக் காந்திகிராமம். ஊர்ப் பெயரின் பிற்பகுதி தமிழன்று. அதுபற்றி வழக்காட இன்று நேரமில்லை. 1947-ஆம் ஆண்டில் சவுந்தரம் அம்மையாரும் இராமச்சந்திரனாரும் இங்குத் தொடங்கிய பணி, 1956-இல் ஊரகக் கல்வி நிலையமாக விரிந்து, 1976-இல் பல்கலைக்கழக நிலையை எய்தியது. சிற்றூரை விட்டு ஓடுதற்கன்று, சிற்றூர்க்குப் பயன்படுதற்கே கல்வி என்பது அதன் அடிப்படை. அவ்வடிப்படையை உரைகல்லாகக் கொண்டு, ஞாலவியற்பியல் என்னும் துறையில் தமிழ் மாணாக்கனுக்கு எத்தகைய ஆராய்ச்சி வாய்ப்பு உண்டு, அவ்வாய்ப்பின் வாயிலில் தொங்கும் பூட்டு எது என்று பார்த்தலே இவ்வுரையின் பொருள்.

பாடநூல்கள் இத்துறையைப் புவி இயற்பியல் என்னும். நிலத்தைத் தோண்டாமலே அதன் வயிற்றுள் இருப்பதை அறியும் கலை அது. மருத்துவன் நாடி பார்ப்பதுபோல, நிலத்தின் மின்தடையையும் காந்தத்தையும் ஈர்ப்பையும் அதிர்வையும் மேலிருந்தே அளந்து உள்ளிருப்பதை உய்த்துணர்தல். இதனைச் செய்தற்குக் கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகளும் குளிரூட்டிய கூடங்களும் வேண்டும் என்று எண்ணிச் சிற்றூர் மாணாக்கன் ஒதுங்கிவிடுகின்றான். அவ்வெண்ணம் பாதிக்குமேல் பொய்.

பிரான்சு நாட்டில் கொன்ராடு சுலும்பர்சர் என்ற ஆசிரியர், 1911, 1912-ஆம் ஆண்டுகளில் தம் முதல் ஆய்வைக் குளியல் தொட்டி ஒன்றில் மண்ணையும் கல்லையும் நிரப்பித்தான் செய்தார். அதில் மின்னோட்டத்தைச் செலுத்தி, மின்னழுத்தம் எவ்வாறு பரவுகின்றது என்று அளந்தார். 1912-ஆம் ஆண்டின் இறுதிக்குள் வயல்வெளிக்கே சென்று நிலத்தின் மின்னழுத்தப் படத்தை வரைந்துவிட்டார். அவ்வறிவு பின்னாளில் ஞாலம் முழுதும் எண்ணெய்க் கிணறுகளுள் இறங்கியது. 1915-இல் அமெரிக்காவின் பிராங்கு வென்னர் நான்கு முளைகளை ஒரே நேர்க்கோட்டில் ஒத்த இடைவெளியில் அடித்து அளக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் கல்லூரிகளில் முதன்முதல் கற்பிக்கப்படுவது அம்முறையே.

அம்முறைக்கு வேண்டுவன நான்கு மாழைக் கம்பிகள், ஒரு மின்கலம், சில சுருள் கம்பி, மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளக்கும் எளிய மானிகள் இரண்டு. இவ்வளவே. வெளி முளைகள் இரண்டின் வழியே மின்னோட்டத்தை நிலத்துள் செலுத்துக. உள் முளைகள் இரண்டிற்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை அளக்க. முளைகளின் இடைவெளி 10 மீட்டர். சென்ற மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர். கிடைத்த மின்னழுத்தம் 50 மில்லி வோல்ட்டு என்று வைத்துக்கொள்க. மின்தடை அரை ஓம். அதனை இடைவெளியாலும் பின்னர் 6.28-ஆலும் பெருக்கினால் 31.4 ஓம்-மீட்டர் என்னும் தன்மின்தடை கிடைக்கும். இடைவெளியை அகலப்படுத்த அகலப்படுத்த, மின்னோட்டம் மேலும் மேலும் ஆழத்தில் இறங்கிச் செல்லும். அளவும் ஆழத்தின் செய்தியைச் சொல்லும். நிலம் தானே கொண்டுள்ள மின்னழுத்தம் கணக்கைக் கெடுக்குமாகலின், ஒவ்வொரு முறையும் மின்கலத்தின் முனைகளை மாற்றி இணைத்து இருமுறை அளந்து சரிசெய்தல் வேண்டும். மாணாக்கன் முதலில் கற்கும் பாடம் இதுவே. கருவி சொல்வதை எல்லாம் அவ்வாறே நம்பலாகாது என்பது.

நம்பலாகாமைக்கு இன்னொரு கரணியமும் உண்டு. திண்டுக்கல் பகுதியின் அடிப்பாறை மிகப் பழமையான, உறுதியான பாறை. உடையாத இடத்தில் அதன் தன்மின்தடை ஆயிரம் ஓம்-மீட்டருக்கு மேற்பட்டு நிற்கும். பாறை உளுத்துப்போய் நீர் ஊறிய இடத்தில் அது சில பத்துகளாகவோ நூறை ஒட்டியோ இறங்கும். களிமண்ணிலும் உவர்நீரிலும் இன்னும் தாழும். ஆகவே, தாழ்ந்த அளவைக் கண்டவுடன் “நீர் உண்டு, தோண்டுக” என்று சொல்லிவிடுபவன் உழவனின் கைப்பொருளைக் களிமண்ணில் புதைத்துவிடுவான். நன்னீரா, உவர்நீரா, களியா என்று கருவி மட்டும் சொல்லாது. அருகில் உள்ள கிணற்றைக் கேட்டல் வேண்டும். அக்கிணற்றை வெட்டியவனைக் கேட்டல் வேண்டும்.

அவன் எந்த மொழியில் விடை சொல்வான்?

கரம்பை, செம்மண், சரளை, சுக்காம்பாறை என்று அடுக்கடுக்காக அவன் சொல்வான். பாறையினூடே வெள்ளையாக ஓடும் வெங்கச்சங்கல்லைக் காட்டுவான். எத்திசைச் சுவரில், எத்தனை அடி ஆழத்தில் ஊற்றுக்கண் திறந்தது, எந்த ஆண்டு கோடையில் அது தூர்ந்தது என்று சொல்வான். பாறையின் வெடிப்பு ஓடும் திசையை ஆராய்ச்சியாளன் வானூர்திப் படத்திலும் செயற்கைக்கோள் படத்திலும் தேடுகின்றான். கிணறு வெட்டியவன் அதனைக் கையால் தொட்டவன். இவ்விருவரும் பேசிக்கொள்ளும்போதுதான் அளவு அறிவாகின்றது. அவன் சொல்லை உரியவாறு எழுதிக்கொள்ளத் தெரியாத மாணாக்கன், ஆங்கிலத்தில் எத்துணைத் தேர்ச்சி பெற்றிருப்பினும், இந்நிலத்தின் ஆராய்ச்சியில் அரைகுறையே. இது மொழிப்பற்றினால் மட்டும் சொல்லப்படுவதன்று. அளவின் பிழையைக் குறைத்தற்கு வேண்டிய வழியும் இதுவே.

இனி, உயிர்போகும் செய்தி ஒன்று. திண்டுக்கல் நெடுங்காலமாகத் தோல் பதனிடும் ஊர். தோல் கெடாமல் இருக்க இடப்பெறும் உப்பு, கழுவும்போது நீரோடு போகின்றது. பதனிடுவதற்குரிய குரோமியமும் உடன் செல்கின்றது. 1996-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 28-ஆம் நாள், தோல் பதனிடும் ஆலைகளைப்பற்றி இந்திய உச்ச முறைமன்றம் வழங்கிய தீர்ப்பில், இப்பகுதியின் கணக்கு ஒன்று எடுத்துக்காட்டப் பெற்றுள்ளது. 13 சிற்றூர்களில் குடிப்பதற்கும் பாசனத்திற்கும் பயன்பட்ட கிணறுகள் 467. அவற்றுள் மாசுற்றவை 350. நான்கு கிணறுகளுக்கு மூன்று! வறட்சியால் கிணறு வற்றினால் மழை வந்து நிரப்பும். உப்பேறிய கிணற்றில் நீர் நிறைந்திருந்தும் பயனில்லை. பார்வைக்குத் தெளிந்த நீர், பயிரைக் கருக்கும். அதனைக் குடிக்கும் மாந்தர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

உவர்நீர் மின்னை எளிதிற் கடத்தும் என்று சற்றுமுன் கூறப்பட்டது. ஆகலின், மாசு எவ்வழியாக, எவ்வளவு தொலைவு, எவ்வளவு ஆழம் பரவியுள்ளது என்பதை மேலிருந்தே தொடர்ந்து கண்டறிய இதே நான்கு முளைகள் உதவும். ஐதராபாதில் 1961 முதல் இயங்கும் தேசிய ஞாலவியற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் திண்டுக்கல்லுக்கு வந்து, கொடகனாற்றின் மேற்பகுதியில் நிலத்தடி நீரை ஆராய்ந்தனர். 2005-இல் தம் முடிவைப் பெங்களூரிலிருந்து வெளிவரும் அறிவியல் இதழில் வெளியிட்டனர். அரிய பணி, நன்றிக்குரிய பணி. அவர்களைக் குறைகூற ஏதுமில்லை. ஆயின் கட்டுரை ஆங்கிலத்தில் உள்ளது. எவன் கிணற்றிலிருந்து நீர் முகந்து அளக்கப்பட்டதோ, அவன் அதனைப் படித்தறிய வழியில்லை. நோயாளிக்குத் தெரியாத மொழியில் நோய்க்குறிப்பு எழுதி, வேற்றூரில் பூட்டி வைத்தது போன்றது இது. ஐதராபாதினின்று வந்தவர் ஆங்கிலத்தில் எழுதியது இயல்பு. காந்திகிராமத்தில் கற்கும் தமிழ் மாணாக்கனும் அவ்வாறே எழுதி, தட்டச்சுப் படியைத் துறைப் பேழையில் வைத்துவிட்டு, பட்டம் பெற்றுப் போவதுதான் இயல்பன்று.

இவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் நிலவியலின் பயன்பாட்டிற்கென்றே ஒரு நடுவம் இயங்கி வந்துள்ளது. நிலத்தடி நீரைப்பற்றிய ஆய்வுகள் அங்கிருந்து வெளிவந்துள்ளன. ஆகவே வழி தொடங்கியே உள்ளது. எந்த ஆய்வு நிலையத்திற்கும் இல்லாத பேறு, ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்தால் ஆய்வுநிலமே முற்றமாகக் கிடப்பது. வேற்று நாட்டு மாணாக்கன் ஆறு திங்கள் முன்பே திட்டமிட்டு வந்து பார்க்கும் பாறையை, இங்குள்ளவன் மாலையில் மிதிவண்டியில் சென்று பார்த்துவரலாம்.

பாறை என்றவுடன் ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. சிறுமலையிலும் கோடைமலையிலும் மிகுதியாக உள்ள கருநிறப் பாறைக்கு உலக அறிவியலில் வழங்கும் பெயர் ‘சார்னகைட்டு’. சென்னைக்கருகில் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் உள்ள அப்பாறையை ஆராய்ந்து, 1893-இல் தாமசு ஆலந்து என்னும் ஆங்கில நிலவியலார் அப்பெயரை இட்டார். கல்கத்தாவில் யோபு சார்னாக்கு என்ற வணிகனின் கல்லறையில் அக்கல் இருந்தது, அவ்வளவே தொடர்பு. தமிழ்நிலத்துக் கல்லுக்கு, அதனை வெட்டிய தமிழ்க் கல்தச்சன் பெயரில்லை. அதன் கீழ்க் கிடந்தவன் பெயர்! இதைக் கேட்டுச் சினப்பது எளிது. ஆயினும் பெயரை மாற்றுக என்று தீர்மானம் இயற்றுவதால் ஆவது ஒன்றில்லை. கல்லை மெல்லிய சீவலாகத் தேய்த்து, உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தவன் எவனோ அவன் பெயரிட்டான். பல நூற்றாண்டுகள் அக்கல்லில் கோயிலும் கோட்டையும் எழுப்பியோர் பார்க்கவில்லை.

திண்டுக்கல் மாவட்டத்திலேயே உள்ள கோடைக்கானலுக்கு இனிச் செல்லலாம். அங்கு 1899-இல் நிறுவப்பெற்ற வானாய்வுக் கூடம் கதிரவனைப்பற்றிய ஆராய்ச்சியால் உலகப்புகழ் பெற்றது. 1909-இல் கதிரவனின் கரும்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை எவர்செட்டு கண்டறிந்தது அங்குத்தான். அக்கூடத்திலேயே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஞாலக் காந்தமும் அளக்கப்பட்டது என்பதைப் பலர் அறியார். தென்தமிழ்நாட்டிற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கின்றது. அக்கோட்டின்மேல், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் ஒரு குறுகிய பட்டையாக வலிய மின்னோட்டம் பாய்கின்றது. பெரு நாட்டின் உவாங்காயோவில் 1922-இல் அளக்கத் தொடங்கிய காந்த அளவுகள் இதற்கு முதற்சான்று தந்தன. 1951-இல் சாப்மன் அதற்கு நடுக்கோட்டு மின்தாரை எனப் பொருள்படும் பெயரை இட்டார். 1963 நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி செலுத்தப்பட்டதும் அவ்விடம் இக்கோட்டின் அருகே இருந்தமையாலேயே. இன்று திருநெல்வேலியருகே நடுக்கோட்டு ஞாலவியற்பியல் ஆராய்ச்சிக்கென்றே ஓர் ஆய்வகம் உள்ளது. நவிமும்பையில் தலைமையிடங்கொண்ட இந்திய ஞாலக்காந்த நிலையத்தைச் சேர்ந்தது. காந்திகிராமத்து மாணாக்கனுக்கு அது நெடுந்தொலைவன்று.

அந்நிலையத்தின் மூதாதை பம்பாயின் கொலாபாவில் 1841 முதல் காந்தத்தை அளந்த கூடம். பம்பாயில் மின்தண்டூர்தி ஓடப்போகின்றது என்றவுடன், அம்மின்னோட்டம் அளவைக் கெடுக்கும் என்று 1904-இல் கூடத்தையே அலிபாகிற்குப் பெயர்த்துக்கொண்டு போயினர். புதிய கட்டடத்தில் இரும்பாணி ஒன்றும் இல்லாதவாறு, காந்தப்பண்பற்ற கல்லையும் செம்பையும் பித்தளையையும் கொண்டு கட்டினர். வயலில் அளக்கும் மாணாக்கனும் இதனை நினைத்தல் நன்று. அருகே நீரேற்றும் மின்பொறி இருந்தாலும், புதைத்த இரும்புக்குழாய் இருந்தாலும், கம்பிவேலி இருந்தாலும் அளவு கெடும். சட்டைப்பையில் உள்ள திறவுகோலே காந்தமானியை ஏமாற்றிவிடும்.

இந்தியாவின் அறிவியற் பேரவைகள் கோடை விடுமுறையில் ஏறத்தாழ இரண்டு திங்கள் ஆராய்ச்சியாளர்களோடு இருந்து பயில இளநிலை, முதுநிலை மாணாக்கருக்கு உதவித்தொகை வழங்கி வந்துள்ளன. ஐதராபாதுக்கோ நவிமும்பைக்கோ முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குச் செல்லவும் வழி உண்டு. கோடைக்கானலில் நூறாண்டுக்கு மேலாக எடுக்கப்பெற்ற கதிரவன் படங்கள் எண்வடிவாக்கப்பட்டு எவரும் பெறும் வகையில் உள்ளன. இருந்த இடத்திலிருந்தே அவற்றை ஆராயலாம்.

வாய்ப்புகள் உண்டு. இனிப் பூட்டைப் பார்க்க. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கென நடுவணரசு சார்பில் நடைபெறும் அறிவியல் தேர்வின் ஐந்து பிரிவுகளுள் ஒன்று ஞாலம், காற்று, கடல், கோள் ஆகியவற்றைப் பற்றியது. அதன் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உள்ளது. தமிழில் இல்லை. நிலவியலும் ஞாலவியற்பியலும் சேர்ந்த பொறியியல் மேற்படிப்புத் தகுதித் தேர்வோ ஆங்கிலத்தில் மட்டுமே. இந்தி பேசும் மாணாக்கன் தாய்மொழியில் வினாவைப் படிக்கலாம். கொடகனாற்றங்கரையில் பிறந்தவன் படிக்கலாகாது. இருவரும் ஒரே அரசுக்கு வரி செலுத்தும் குடும்பத்தினர். இதில் அறிவியலின் கட்டாயம் எதுவும் இல்லை. ஆள்வோரின் விருப்பம் ஒன்றே உள்ளது. எனவே இதனை உரத்துக் கேட்டல் வேண்டும். விடாது கேட்டல் வேண்டும்.

ஆயினும், கேட்டது நாளையே கிடைத்துவிட்டால் என்னாகும் என்றும் தமிழன்பர்கள் எண்ணிப்பார்க்க. 2018-ஆம் ஆண்டு மருத்துவ நுழைவுத் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. சென்னை உயர் முறைமன்றத்தின் மதுரை அமர்வு 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்ச முறைமன்றம் அதனை நிறுத்திவிட்டது. இழந்தவர் தமிழில் எழுதிய பிள்ளைகளே. துறையைக் கற்றவரிடம் தமிழில்லை, தமிழைக் கற்றவரிடம் துறையில்லை என்னும் நிலை நீடிக்கும்வரை இத்தகைய பிழை நீங்காது.

பழந்தமிழில் நிலத்தடி நீர் காணும் நூலுக்குக் ‘கூவநூல்’ என்னும் பெயர் உண்டு, அகரமுதலிகள் காட்டும். கூவல் என்பது கிணறு. மேடைதோறும் இதனைச் சொல்லி மகிழ்கின்றோர் உளர். மகிழ்வதில் தவறில்லை. சொல் இருந்தமை, கலை இருந்தமைக்குச் சான்று. ஆனால் அச்சொல் இன்று ஒரு கிணற்றையும் தூய்மை செய்யாது; எந்த மாணாக்கனுக்கும் முளையை எவ்விடைவெளியில் அடிப்பது என்று சொல்லித்தராது. தன்மின்தடைக்கும் மின்முனைக்கும் சொல் கண்டாயிற்று. அச்சொற்களை வயலில் வைத்துப் பயன்படுத்தி, எது நாவில் நிற்கின்றது, எது உதிர்கின்றது என்று பார்க்கும் வேலையே எஞ்சியுள்ளது. ஈழத்து மானிப்பாயில், 19-ஆம் நூற்றாண்டில், சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அவர் ஆக்கிய சொற்களுள் பல வடமொழிச் சாயல் உடையன. அது குறையே. ஆயினும் கற்பித்தார், கற்றவர் நோயாளியைத் தமிழிலேயே பார்த்தனர். குறைச் சொல்லோடு வேலை செய்தவனுக்குப் பின்வருவோர் சொல்லைத் திருத்தித் தரலாம். வேலையே செய்யாதவனுக்கு எதனைத் திருத்தித் தருவது?

உலகோடு உறவாட ஆங்கிலக் கட்டுரையும் வேண்டும், அதனை மறுப்பாரில்லை. மாணாக்கன் இரண்டும் எழுதுக. முதற்படி இவ்வூர்க்கு, மறுபடி உலகிற்கு.

வரும் கோடை விடுமுறையில் காந்திகிராமத்தைச் சூழ்ந்த ஏதேனும் ஒரு சிற்றூரை ஐந்து மாணாக்கர் எடுத்துக்கொள்ளலாம். ஊரிலுள்ள கிணறு ஒவ்வொன்றிற்கும் ஓர் எண். அதன் ஆழம், நீர்மட்டம், எந்த ஆழத்தில் எந்த மண், எவ்விடத்தில் ஊற்றுக்கண், யார் வெட்டியது, நீரின் மின்கடத்துதிறன் என்ன, அருகே நான்கு முளை அடித்து அளந்த தன்மின்தடை என்ன என்று ஒரு பக்கம். உடைமையாளர் சொன்ன சொல்லை அவர் சொன்னவாறே எழுதுக, திருத்தற்க. கார்த்திகையில் மழை நின்றபின் அதே கிணறுகளை மறுபடியும் அளக்க. பக்கத்தைத் தமிழில் தெளிவாக எழுதி, ஒரு படியை உடைமையாளர் கையில் கொடுத்து, “உங்கள் கிணற்று நீர் தென்னைக்கு ஆகும், நெல்லுக்கு ஆகாது” என்றோ, “குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டா” என்றோ, “இன்னும் ஓராண்டு அளந்தபின் சொல்கின்றோம்” என்றோ வாய்ச்சொல்லாலும் விளக்குக. அம்மூன்றாம் விடையைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. உழவர் அதனை மதிப்பர். ஓர் ஊருக்கு ஏறத்தாழ நாற்பது பக்கம் வரும். மறு ஆண்டு வரும் மாணாக்கர் அவற்றை எடுத்துக்கொண்டு அதே கிணறுகளுக்குச் செல்வர். முதலாண்டின் பிழைகளும் அப்போது தெரியவரும்.